தரையிலிருந்து தொடங்குங்கள்: குழந்தையைச் சுற்றியுள்ள நச்சுகளைக் குறைக்கும் வழி

குழந்தை தவழும் அறையில் ஒரு தடவை குப்புறப் படுத்துப் பாருங்கள், கன்னம் தரையில் படுகிற மாதிரி. நின்று பார்க்கும்போது சுத்தமாகத் தெரிந்த அறை இப்போது வேறு மாதிரி தெரியும். கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கும் தூசி, கதவு நிலையின் அடியில் செதில் செதிலாக உரிந்து நிற்கும் பெயின்ட், சுவரோரம் உதிர்ந்த காரைப் பொடி, செருப்போடு உள்ளே வந்த தெரு மண், எல்லாம் மூக்குக்கு நேரே இருக்கும். பத்து மாதக் குழந்தை மூச்சு விடுவது அந்த உயரத்தில்தான். கையை ஊன்றுவதும் அங்கேதான். ஊன்றிய கை அடுத்த நொடி வாய்க்குள் போய்விடும்.

நான் சின்னக் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் பெயின்டர். ஒருத்தருக்குத் தொழிலே தூசி கிளப்புவது, இன்னொருத்தருக்கு அந்தத் தூசி குழந்தை வாய்க்குப் போகாமல் பார்ப்பது. அதனால் இந்த விஷயத்தைப் படித்தும், மருத்துவர்களைக் கேட்டும், அன்றாடம் செய்து பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

புதிதாகக் குழந்தையைச் சேர்க்க வரும் அம்மாக்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஏதாவது வாங்குவதைப் பற்றியே இருக்கும். "அக்கா, எந்த ஏர் பியூரிஃபயர் நல்லது? எந்த ஃபில்டர் போடலாம்?" வாங்க வேண்டியது ஒன்றிரண்டு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் கடைசி. இரண்டு வாளி, ஒரு துணி, சோப்பு, வாசலில் கழற்றிய செருப்பு. இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? பெரியவர்களோடு ஒப்பிட்டால், உடல் எடையில் கிலோவுக்குக் கிலோ அவர்கள் உள்ளிழுக்கும் காற்றும் அதிகம், குடிக்கும் தண்ணீரும் அதிகம், சாப்பிடும் உணவும் அதிகம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தை (லெட் எனப்படும் நச்சு உலோகம்) அவர்கள் உடம்பு பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்புக்கு ஈயத்தையும் கால்சியத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், வளரும் மூளைக்குள்ளும் விட்டுவிடும். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படி ஈயத்துக்கு எந்த அளவும் இதுவரை கண்டறியப்படவில்லை. யுனிசெஃப், பியூர் எர்த் என்ற அமைப்போடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. காய்ச்சல் வராது, வாந்தி வராது. கவனம் குறைவதும் படிப்பில் பின்தங்குவதும் வெகுநாள் கழித்துத்தான் தெரியவரும்.

அதனால் ஈயத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும்

காய்ந்த தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் பெரிய குப்பை போகும். நுண்ணிய தூசியோ மேலே எழும்பி, கொஞ்ச நேரம் மிதந்து, திரும்பத் தரையிலேயே வந்து படியும். பழைய பெயின்ட் துகள், சாலைத் தூசி, மெத்தை நாற்காலிகளில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள், பூச்சிமருந்து எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த நுண்ணிய தூசியில்தான்.

காப்பகத்தில் நாங்கள் செய்கிற முறை இது. இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் ஜன்னல். ஜன்னல் திறந்து மூடும்போது சட்டமும் நிலையும் உரசும், உரசும் இடத்தில் பெயின்ட் பொடியாகும், அந்தப் பொடி ஜன்னல் படியில் விழும். குழந்தை எழுந்து நிற்கப் பழகும்போது பிடித்துக்கொள்வது அதே படியை, வாய் வைத்துச் சப்புவதும் அதையே. அதனால் படியையும் கதவுத் தடத்தையும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை உடனே வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட வேண்டும். அழுக்குத் துணியைச் சோப்பு வாளிக்குள் முக்கினால் அழுக்கையே திரும்பப் பூசுவதாக ஆகிவிடும். ஜன்னலுக்கு அடுத்து அலமாரி விளிம்புகள். தரை கடைசி. தூரத்து மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கி வர வேண்டும். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலோ செடிப் பாத்தியிலோ ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். துடைத்த துணியைக் குழந்தைத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

வாக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் அதில் ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற வடிகட்டிக்குத்தான் அந்தப் பெயர். அது இல்லாத இயந்திரம் முன்னால் இழுத்த நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். தரைவிரிப்பைத் தூசியில்லாமல் வைப்பது மிகவும் கடினம், குழந்தை தவழும் பருவம் முடியும்வரை அதைச் சுருட்டி வைத்துவிடலாம்.

செருப்பு, ஷூ வாசலோடு சரி. வீட்டுக்குள் குழந்தை வண்டியைக் கொண்டுவருவதாக இருந்தால் அதன் சக்கரத்தையும் துடைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கை கழுவுவதில் ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும். ஈயத்தையோ பூச்சிமருந்தையோ அது கையிலிருந்து எடுக்காது, அதே கையில் தேய்த்துப் பரப்பத்தான் செய்யும். ஓடும் தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும். சாப்பிடும் முன், தூங்கும் முன், வெளியே விளையாடி வந்தவுடன். தூங்கும் முன் என்று சொல்வதற்குக் காரணம், பல குழந்தைகள் விரல் சப்பிக்கொண்டேதான் தூங்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வாயில் வைக்கும் பொம்மைகளையும் அவ்வப்போது சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பெயின்ட்: உரியாத வரை தொடாதீர்கள்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் இருந்தார். குழந்தைகளுக்கு ஏன் ஈய நஞ்சு ஏறுகிறது என்று தேடிப்போய், வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளில் அடித்திருந்த பெயின்ட்தான் காரணம் என்று 1904இலேயே எழுதிவிட்டார். வெயிலில் பொடிந்த பெயின்ட் கையில் ஒட்டும், அந்தக் கை வாய்க்குப் போகும். இத்தனை தெளிவாகத் தெரிந்த பிறகும் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். ஈயம் சேர்த்த பெட்ரோலை வாகனங்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021இல். அந்த நீண்ட காலத்தில் அடித்த பெயின்டெல்லாம் இன்னும் சுவரிலும் கிரில்லிலும் கதவிலும் அடுக்கடுக்காக இருக்கிறது. பெட்ரோல் புகையில் வந்த ஈயம் சாலையோர மண்ணில் இருக்கிறது.

புதிதாகப் பெயின்ட் வாங்கினால் டின்னில் ஈயத்தின் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் பரிந்துரைக்கும் வரம்பு. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமலில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நிறங்களுக்கு ஈய குரோமேட் நிறமியைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. குழந்தைகள் அறைக்கும் விளையாட்டுச் சாமான்களுக்கும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் நிறங்களும் இவைதான் என்பதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பழைய பெயின்ட் உரியாமல், வெடிக்காமல், சுவரோடு ஒட்டி இருந்தால் பதற வேண்டாம். அதன்மேல் நல்ல பெயின்ட் அடித்து மூடிவிடலாம். ஆபத்து உரியும் இடத்திலும் உரசும் இடத்திலும்தான். உரிந்த இடத்தின் முன்னால் ஒரு அலமாரியை நகர்த்திப் போட்டுக் குழந்தைக்கு எட்டாமல் செய்வதே உடனடி வைத்தியம்.

சுரண்டி அடிக்கத்தான் வேண்டும் என்றால், என் வீட்டுக்காரர் வேலை செய்யும் விதத்தை அப்படியே சொல்கிறேன். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேலை முடிந்து, வீட்டைக் கழுவித் துடைக்கும் வரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்வார். அந்த அறையின் கதவு இடுக்குகளை டேப் ஒட்டி அடைப்பார். தரையில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து ஓரங்களைச் சுவரோடு ஒட்டுவார். காய்ந்த உப்புத்தாளை எடுக்கவே மாட்டார். தெளிப்பானில் தண்ணீர் அடித்து நனைத்து, வாட்டர் பேப்பரால் தேய்ப்பார், காயக் காயத் திரும்ப நனைப்பார். பெயின்டைச் சூடு காட்டி உரிக்கும் வேலைக்கு அவர் ஒத்துக்கொள்வதே இல்லை, ஈயம் ஆவியாகவும் புகையாகவும் வந்துவிடும் என்பதால். வேலை முடிந்ததும் தாளை உள்பக்கமாக மடித்துச் சுருட்டிக் கட்டிவிடுவார், உதறுவது கிடையாது. இப்படிச் செய்தால் நேரம் இரட்டிப்பாகும். அவசரப்படுத்தும் வீட்டு உரிமையாளர்களிடம் அவர் அந்த வேலையை விட்டுக்கொடுத்துவிட்டே வந்திருக்கிறார். நீங்கள் ஆள் வைத்துச் செய்தால், கூலி பேசும்போதே இந்த முறையையும் பேசிவிடுங்கள்.

பிறகு அவர் வீட்டுக்கு வருவது. வேலைத் துணியோடு உள்ளே வரமாட்டார். வெளியிலேயே மாற்றி, துணியை மூடியுள்ள வாளியில் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் எந்தக் குழந்தையையும் தூக்குவார். ஓடிவரும் குழந்தையைத் தள்ளி நிற்கச் சொல்வது மனசுக்குக் கஷ்டமான காரியம், ஆனாலும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. அவர் துணி தனியாகத்தான் துவைக்கப்படும். பேட்டரி வேலை, ஈயப்பற்று வைக்கும் வேலை, ரேடியேட்டர் பழுதுபார்ப்பு, உலோகம் உருக்குவது, வயல்களில் மருந்து அடிப்பது என்று எந்த வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தாலும் இதே நடைமுறைதான். பழைய பேட்டரி உடைப்பதையும் ஒயர் எரித்துச் செம்பு எடுப்பதையும் வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. அந்த மண் வருடக்கணக்கில் நஞ்சாக இருக்கும்.

குழந்தைக்கென்று புதிதாக அறை தயார் செய்கிறவர்கள், பெயின்ட் வேலையைப் பிரசவத்துக்குச் சில மாதம் முன்பே முடித்துவிடுங்கள், அதையும் கர்ப்பிணி கையில் செய்ய வேண்டாம். அழுத்திய பலகையில் செய்த புதுத் தொட்டில், அலமாரி ஆகியவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளியேறும். சில வாரம் ஜன்னல் திறந்த அறையில் போட்டு, வாசனை போனபிறகு பயன்படுத்துங்கள்.

வாய்க்குள் போகும் சாமான்

2006இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் இதய வடிவத் தொங்கட்டானை விழுங்கி இறந்துபோனான். சோதித்தபோது அது ஏறக்குறைய முழுக்க ஈயம், 99 சதவீதம். அளவில் சிறிதாக இருந்தும் கனமாக, மங்கலான சாம்பல் நிறத்தில், பூச்சு உரிந்திருக்கும் மலிவு உலோக நகை எதையும் குழந்தை கைக்குக் கொடுக்காதீர்கள். இதை நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

இன்னொன்று சாவிக்கொத்து. அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த எல்லாரும் எடுத்து ஆட்டிக் கொடுக்கும் சாமான் அதுதான். பித்தளைச் சாவியைக் கடைந்து வெட்ட எளிதாக இருக்க ஈயம் கலப்பார்கள். குழந்தை அதை எச்சில் ஒழுகச் சப்பும். காப்பகத்தில் மரக்கரண்டி ஒன்றைக் கொடுக்கிறோம், அழுகை அதற்கும் நிற்கிறது.

தாத்தா காலத்துத் தொட்டிலும் பெயின்ட் அடித்த மரப்பொம்மையும் நினைவுக்காக அலமாரியில் இருக்கட்டும். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் பொம்மைகளை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட் வகைகள் ஹார்மோன்களைக் குழப்புபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டம் கொண்டுவந்து குழந்தைகள் பொருள்களில் அவற்றுக்கு வரம்பு விதித்தன. கடுமையான பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பொம்மையை வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது. சருமத்தை வெளுப்பாக்கும் சில கிரீம்களில் பாதரசமும் சில கண் மைகளில் ஈயமும் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. அம்மா பூசினாலும் அது குழந்தைக்குப் போகும், தலையணை உறை வழியாகவும் முத்தம் வழியாகவும்.

தண்ணீர்

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. கொதி கிருமியைக் கொல்லும். ஈயம், ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவை அப்படியேதான் இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். பழைய ஈயக் குழாய், பித்தளைக் குழாய்முனை, ஈயப்பற்று வைத்த இணைப்பு ஆகியவை உள்ள வீட்டில், இரவெல்லாம் தேங்கி நின்ற தண்ணீரில்தான் ஈயம் அதிகம் இருக்கும். காலையில் முதலில் குளிக்க, துவைக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தி ஓடவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். சூடுநீர்க் குழாயில் வரும் தண்ணீரைச் சமையலுக்கும் புட்டிப்பாலுக்கும் எடுக்காதீர்கள், சூட்டில் ஈயம் அதிகம் கரையும். பச்சைத் தண்ணீரைப் பிடித்துத் தனியாகச் சூடு செய்யுங்கள். குழாய் முனையில் உள்ள சல்லடையை அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள், ஈயத் துணுக்குகள் அதில் சேரும்.

அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காமல் விட்டதால் பழைய குழாய்களின் ஈயமெல்லாம் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் மூலம் மாறினாலோ பெரிய குழாய் வேலை நடந்தாலோ சில நாள் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கிணற்று நீரை ஒருமுறையாவது ஆய்வகத்தில் உலோகங்களுக்காகச் சோதித்துவிட்டு, என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் அதற்கான ஃபில்டரை வாங்குங்கள். எந்த ஃபில்டரும் எல்லாவற்றையும் எடுத்துவிடாது.

புகை

காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரம்பைக் குறைத்தது. ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், ஒருநாள் சராசரி 15. வெளிக்காற்றை நாம் தனியாக மாற்ற முடியாது. வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் புகையை நிறுத்த முடியும்.

சிகரெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் தாடியிலும் ஒட்டிய நஞ்சு தோளில் சாயும் குழந்தைக்குப் போகிறது என்பதை மட்டும் அப்பாக்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கொசுவர்த்தியைப் பற்றித்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கதவைச் சாத்தி, சுருளை ஏற்றிவைத்து, குழந்தையை அதன் பக்கத்தில் தூங்க வைப்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். கொசுக்கடியும் ஆபத்துதான், அதற்கு வலைதான் பதில்.

சமைக்கும்போது புகைபோக்கி விசிறி ஓடட்டும், இல்லையென்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், தாளிக்கும் நேரத்தில் குழந்தை இடுப்பில் இருக்க வேண்டாம். குப்பையை, அதிலும் பிளாஸ்டிக்கை எரிக்கவே கூடாது, டையாக்சின் என்ற நச்சு வரும். கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய இடத்தில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அறை நறுமண ஸ்பிரே எதுவும் குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தேவையில்லை. துவைத்த துணிக்கு வாசனையே வேண்டாம் என்பது என் கட்சி.

சமையலறை, சுருக்கமாக

சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சூடான உணவு எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ இருக்கட்டும். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், எதை அச்சடித்திருந்தாலும் சரி. பால் புட்டியில் பிஸ்பீனால் ஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் தடைசெய்தன. அதற்குப் பதிலாக வந்த சில பொருள்களும் அதன் பங்காளிகள்தான் என்பதால் கண்ணாடிப் புட்டியே மேல். இதில் ஆறுதலான செய்தி, பிஸ்பீனால் ஏ உடம்பில் தங்குவதில்லை, சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். இன்று மாற்றினால் ஓரிரு நாளில் உடம்பில் அளவு குறையும்.

நான்ஸ்டிக் தவாவைக் காலியாக அடுப்பில் வைத்துச் சூடேற்றாதீர்கள். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். கீறல் விழுந்ததை மாற்றிவிடுங்கள். பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவு அலுமினியப் பாத்திரங்களில் ஈயம் இருக்கக்கூடும். காய்கனிகளை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், 1 சதவீத சமையல் சோடாக் கரைசலில் சுமார் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தது மேல்தோலில் இருந்த இரண்டு பூச்சிமருந்துகளை வெறும் தண்ணீரைவிட நன்றாக நீக்கியது. லிட்டருக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. உள்ளே ஊடுருவியது இதில் போகாது. பூச்சிமருந்துக்குப் பயந்து காய்கனியைக் குறைத்துவிடாதீர்கள், அது பெரிய நஷ்டம். மீனில் சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம், சின்ன மீன்களைக் கொடுங்கள்.

பாட்டில்கள், உருண்டைகள், உடைந்த தெர்மாமீட்டர்

மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட், பூச்சிமருந்து எதையும் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்கும் வேண்டாம். குழந்தைக்கு லேபிள் தெரியாது, பாட்டிலின் வடிவம்தான் தெரியும். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பிளீச்சிங் பொருளையும் கழிவறை ஆசிடையும் கலந்தால் குளோரின் வாயு வரும், இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாதீர்கள்.

அந்துருண்டை மிட்டாய் மாதிரி இருக்கிறது என்பது ஒரு ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பது இன்னொன்று. உருண்டை போட்டு வைத்த துணியில் பச்சைக் குழந்தையைச் சுற்றினாலே இது நடக்கலாம். துவைத்து வெயிலில் உலர்த்தாமல் பயன்படுத்தாதீர்கள். முடிந்தால் அந்த உருண்டையே வேண்டாம்.

பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் இருந்தால் டிஜிட்டலுக்கு மாறிவிடுங்கள். உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, உள் கதவைச் சாத்துங்கள். துடைப்பம் வேண்டாம், வாக்குவமும் வேண்டாம், இரண்டுமே பாதரசத்தைச் சிதறடித்து ஆவியாக்கும். கையுறை போட்டு, இரண்டு விறைப்பான அட்டைகளால் மணிகளை மெதுவாக ஒன்றோடொன்று சேருங்கள். அவை உருண்டு ஒன்றாகிவிடும். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால், கண்ணுக்குத் தப்பிய சின்ன மணிகள் மூலையிலும் ஓட்டு இடுக்கிலும் மின்னும். அவற்றை ஒட்டும் டேப்பில் எடுங்கள். எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாதரசம் பட்ட துணியைத் துவைக்காமல் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். குழந்தை ஒரு மணியை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் வெளியே வந்துவிடும், மருத்துவரிடம் காட்டினால் போதும். உண்மையான ஆபத்து அறையில் தங்கும் ஆவிதான்.

ரத்தப் பரிசோதனை

இத்தனை செய்தும் சந்தேகம் இருக்கிறது, அல்லது வீடு பழையது, பெற்றோர் தொழில் மேலே சொன்னவற்றில் ஒன்று என்றால், ஈய அளவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பார்ப்பது நல்லது, அளவு உச்சத்துக்குப் போவது இரண்டு வயதை ஒட்டித்தான். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் அதிகமாகக் காட்டினால், தோலில் இருந்த தூசியும் கலந்திருக்கலாம் என்பதால், நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்ய வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கவனிக்க வேண்டிய அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. 5ஓ அதற்கு மேலோ என்றால் மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை 45ஐ எட்டும்போதுதான் பேச்சுக்கு வரும். அதற்குக் கீழே, மருந்தைவிட மூலத்தை நீக்குவதுதான் சிகிச்சை. உடம்பிலிருந்து நஞ்சை இறக்குகிறேன் என்று யாராவது பொடியோ சொட்டோ கொடுத்தால் வாங்காதீர்கள், சிலவற்றில் ஈயமே இருந்திருக்கிறது.

இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை ஈயத்தை அதிகம் உறிஞ்சும், வெறும் வயிற்றிலும் அப்படியே. நேரத்துக்குச் சாப்பாடு, இரும்புச்சத்துள்ள உணவு, அதோடு வைட்டமின் சி உள்ள பழம், பால் பொருள்கள், இவைதான் நாம் வீட்டில் கொடுக்கக்கூடிய காப்பு. ரத்தசோகை இருக்கிறதா என்று அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லிவிடலாம்.

மருத்துவரிடம் போகும்போது வீடு கட்டி எத்தனை வருடம், கடைசியாக எப்போது சுரண்டிப் பெயின்ட் அடித்தது, வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரின் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தை எதைச் சப்புகிறது, எந்தப் பொடி, பூச்சு, நாட்டு மருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூலம் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் கிடைக்கும். ஒரு குழந்தைக்கு அளவு அதிகமாக வந்தால், அதே வீட்டில் வளரும் மற்றக் குழந்தைகளுக்கும் அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.